எதிர்க்கேள்வி கேட்காத வீடு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் அந்த போன்களை மேஜைமேல் கவிழ்த்து வையுங்கள். நான் பேசுவதை யார் பதிவு செய்யப் பார்க்கிறார்கள் என்பதை உள்ளே நுழையும்போதே கவனித்துவிட்டேன். பெயர் சொல்லமாட்டேன். ஆனால் சம்பந்தப்பட்டவர் இந்நேரம் நெளிய ஆரம்பித்திருப்பார்.

வேலையிலிருந்து ஓய்வு கொடுத்து, சால்வை போட்டு அனுப்பிவிட்டார்கள். கண்ணுக்கு மட்டும் யாரும் ஓய்வு கொடுக்கவில்லை. இப்போதும் பால்காரர் அரை மணி முன்னதாக வந்தால் ஏன் என்று யோசிப்பேன். என் மருமகள் காரணமில்லாமல் காபி போட்டுக் கொடுத்தால் அவ்வளவுதான், அன்றைக்கு முழுக்க எனக்கு நிம்மதி கிடையாது.

நம் வேலையைத் துப்பறிகிற வேலை என்று வெளியே பெருமையாகச் சொல்லிக்கொள்கிறீர்கள். அதெல்லாம் ஒன்றும் கிடையாது. கல்யாணம் பேசும்போது பையனைப் பற்றிப் பெண் வீட்டாருக்கும், பெண்ணைப் பற்றிப் பையன் வீட்டாருக்கும் அக்கம்பக்கத்தில் விசாரித்துச் சொல்கிறோம். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது இதற்கு ஆள் வைக்கமாட்டார்கள். வீட்டில் ஒரு சித்தப்பா இருப்பார். சம்பந்தி வீட்டுத் தெருமுனைப் பெட்டிக்கடையில் ஒரு சோடாவை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, அந்தக் குடும்பத்தின் மூன்று தலைமுறையையும் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்துவிடுவார். இப்போது சித்தப்பாவுக்கு நேரமில்லை. கடைக்காரருக்கு யாரையும் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கும் எனக்கும் சம்பளம் வந்தது.

உங்களுக்கு ஒரு சம்பவம் சொல்கிறேன். அதற்கு முன்னால் நான் வளர்ந்த வீட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது தெரியாவிட்டால் இது புரியாது.

மேற்கு மாம்பலத்தில் ஒரு நீளமான வீடு. அதை போர்ஷன் போர்ஷனாகத் தடுத்து வாடகைக்கு விட்டிருந்தார்கள். எல்லாருக்கும் சேர்த்து ஒரே அடிபம்பு. அந்தப் பம்படியைத் தாண்டாமல் யாரும் உள்ளே வர முடியாது. ஒரு புது முகம் தெரிந்தால் போதும், நாலு பெண்கள் குடத்தைக் கீழே வைத்துவிடுவார்கள். "யாரும்மா நீங்க? எந்த ஊரு? யாரைப் பாக்கணும்? அவங்க உங்களுக்கு என்ன வேணும்?" கும்பகோணத்திலிருந்து வந்த என் சொந்தப் பெரியப்பாவையே பெட்டியும் கையுமாக நிற்கவைத்துக் கேட்டார்கள். மனிதர் கோபித்துக்கொண்டு மறு ரயிலில் ஊருக்குக் கிளம்பியிருப்பார், அப்பாதான் ஓடிப்போய்ப் பிடித்துவந்தார்.

அந்தக் காலம் பொற்காலம் என்று நான் சொல்லப்போவதாக நினைக்காதீர்கள். சே, அந்த வீட்டில் மூச்சு விட முடியாது. எங்கள் வீட்டில் சண்டை வந்தால் அப்பாவின் குரல் அடங்குவதற்குள் பக்கத்துப் போர்ஷனில் தீர்ப்பு சொல்லி முடித்திருப்பார்கள். நான் பெரியவளானதை எனக்கு முன்னால் எதிர் போர்ஷன் மாமி தெரிந்துகொண்டாள். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

மாடியில் ஒரு புதுத் தம்பதி குடிவந்தார்கள். அந்த அக்காவின் பெயர் செல்வி. வீட்டுக்குத் தெரியாமல் ரிஜிஸ்தர் ஆபீசில் கல்யாணம் செய்துகொண்டவர்கள், வேறு வேறு சாதி. இதையெல்லாம் பம்படி முதல் வாரத்திலேயே கறந்துவிட்டது. செல்வி அக்காவைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசாத பேச்சில்லை. என் அம்மாவும் சேர்ந்துதான் பேசினாள்.

ஒருநாள் காலையில் இரண்டு ஆண்கள் வந்தார்கள். வேட்டி, வெளுத்த சட்டை. அம்மா தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் நின்றேன். "ஏம்மா, இங்க செல்வின்னு ஒரு..." என்று ஒருவர் ஆரம்பித்தார். கேள்வி முடிவதற்குள் அம்மா, "அப்படி யாரும் இங்க இல்லீங்க" என்றாள். கை பம்பை அடிப்பதை நிறுத்தவில்லை. நான் மாடியைக் காட்ட வாய் திறந்தேன். அம்மா நிறைந்த குடத்தைத் தூக்கி என் இடுப்பில் வைத்து, "போடி, உள்ள கொண்டுபோய் வை" என்று ஒரு தள்ளு தள்ளினாள்.

மற்றவர் நிமிர்ந்து மாடிக் கைப்பிடியைப் பார்த்தார். அங்கே ஒரு நைலக்ஸ் புடவை காய்ந்துகொண்டிருந்தது. "அது யாரோடது?" என்றார். "என்னோடதுதான்" என்றாள் அம்மா. வாழ்நாளில் நூல் புடவையைத் தவிர வேறெதையும் தொட்டறியாதவள் அவள். மற்ற பெண்கள் அவரவர் குடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வந்தவர்கள் போய்விட்டார்கள். அம்மா மாடிக்குப் போய், "வாசல் பக்கமா துணி காயப்போடாதேன்னு உனக்கு எத்தனை தடவை சொல்றது?" என்று செல்வி அக்காவிடம் கத்தித் தீர்த்தாள். கத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

அந்த வயதில் எனக்குப் பட்டது ஒன்றுதான். பெரியப்பாவையே நிறுத்திக் கேட்ட வீடு, அந்த இரண்டு பேரைப் பார்த்து "நீங்க யாரு" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இனி சம்பவத்துக்கு வருகிறேன். ரொம்பப் பழைய கதை அல்ல, நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்னால் நடந்தது. தி.நகரில் இருந்த நம் பழைய ஆபீசுக்கு ஒருவர் வந்தார். நல்ல வெள்ளைச் சட்டை, வலது புருவத்தில் ஒரு தழும்பு, மரியாதையான பேச்சு. தன் அக்காள் மகளுக்கு வரன் பார்ப்பதாகவும், தான்தான் தாய்மாமன் என்றும் சொன்னார். பையனின் போட்டோ ஒன்றைக் கொடுத்தார். கும்பலாக எடுத்த படத்திலிருந்து வெட்டியது. வரன் பார்க்கக் கொடுக்கிற படம் அப்படி இருக்காது. பையன் தலை வாரி, முழுக்கைச் சட்டை போட்டு, ஸ்டூடியோ வெளிச்சத்தில் மிரண்டுபோய் நிற்பான்.

"திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஏதோ அபார்ட்மெண்ட்டுன்னு கேள்விம்மா. எந்த வீடுன்னு நீங்கதான் பாத்துச் சொல்லணும்" என்றார்.

"தரகர் விலாசம் தரலையா?"

"அதுல ஒரு சின்னக் குழப்பம். அவன் எப்போ வெளிய போறான், எப்போ வர்றான், கூட யார் தங்கியிருக்காங்க, இது தெரிஞ்சாப் போதும்."

நான் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கேள்வி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

பிள்ளைகளே, பெண் வீட்டிலிருந்து வருகிறவர்கள் பணக்காரர்களோ ஏழைகளோ, மயிலாப்பூரோ பாலவாக்கமோ, முதலில் கேட்பது "மாமியார் எப்படி?" என்பதைத்தான். பையன் குடிப்பானா என்பதுகூட இரண்டாவதுதான். நாத்தனார் எத்தனை பேர், கல்யாணமாகிப் போய்விட்டார்களா, கூடவே இருக்கிறார்களா, இதெல்லாம் கேட்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்கமாட்டார்கள். தாய்மாமன் என்றால் இன்னும் மோசம். தட்டில் சீர் தூக்கப் போகிறவர், நம்மை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார். இவர் எழுந்து கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

நம் ஆபீஸ் சாரிடம் சொன்னேன். "உனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்மா. போய்ப் பாத்துட்டு வா" என்றார். சந்தேகத்தையும் பையில் போட்டுக்கொண்டுதான் கிளம்பினேன்.

வீடு வீடாக ஏற என்னிடம் ஒரு வழி இருந்தது. கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவிய பத்திரிகையும் குங்குமச் சிமிழுமாக வருகிற பெண்மணியை யாரும் வாசலில் தடுக்கமாட்டார்கள். பழைய பத்திரிகையாக நாலைந்து எப்போதும் பையில் கிடக்கும். இந்தக் காலத்தில் யார் உட்கார்ந்து தேதி பார்க்கிறார்கள் என்ற தைரியம் எனக்கு.

இஸ்திரி வண்டிக்காரரிடம் படத்தைக் காட்டியதில் கட்டிடம் எது என்று தெரிந்துவிட்டது. மூன்று மாடி. முதல் மாடியில் ஒருத்தி கதவைப் பாதி திறந்து, "டெலிவரியா? கீழயே வச்சிட்டுப் போங்க" என்றாள். அடுத்த மாடியில் ஒரு பையன் காதிலிருந்து எதையோ கழற்றிவிட்டு, "எதிர் வீட்டுல யார் இருக்காங்கன்னு சத்தியமா எனக்குத் தெரியாது ஆன்ட்டி" என்றான். சிரித்துக்கொண்டே வேறு சொன்னான். என் அம்மாவின் பம்படியில் இவனை நிறுத்தியிருந்தால் அழுதிருப்பான்.

மூன்றாவது மாடியில் எதிரும் புதிருமாக இரண்டு வீடு. ஒன்று பூட்டியிருந்தது. இன்னொன்றில் தையல் மிஷின் ஓடியது. ரவிக்கை தைக்கும் ஒரு அம்மாள், பெயர் நூருன்னிசா என்று வாசலில் சின்ன போர்டு. என் வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு, கழுத்தில் அளவு நாடா. மிஷினை நிறுத்திவிட்டு வந்து பத்திரிகையை வாங்கிக்கொண்டார். வாய் ஓயவில்லை. மோட்டார் ரிப்பேர், தண்ணி லாரி, அபார்ட்மெண்ட் சங்கச் செயலாளர் பண்ணும் அக்கிரமம், எல்லாம் சொன்னார். நடுவில் தலையைச் சாய்த்து, "கீழ் வூட்டு குக்கர் கத்திக்கினே கீது பாரு, அந்தப் பொண்ணு போனை வச்சிக்கினு குந்திக்கினு இருக்கும்" என்றார். எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை.

நல்ல ஆள் கிடைத்தார் என்று நினைத்தேன். "எதிர் வீட்டுல ஒரு தம்பி, எங்களுக்குத் தூரத்து..."

"அங்க யாரும் இல்லமா" என்றார், நான் முடிப்பதற்குள். "காலியா கீது. ரொம்ப நாளா பூட்டிக்கினு கீது."

எதிர் வீட்டு இரும்புக் கதவில் பால் பாக்கெட் போடுகிற துணிப்பை ஒன்று தொங்கியது. பையின் அடிப்பக்கம் இன்னும் ஈரம். நான் அதைப் பார்த்தேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"அது என்னுது மா. இடம் இல்லன்னு அங்க மாட்டிக்கிறேன்."

அவர் வீட்டுக் கதவிலேயே ஒரு பை தொங்கிக்கொண்டிருந்தது. யார் வீட்டுக் கல்யாணம், நீ யாரு, எங்கிருந்து வர்றே, எந்தக் கேள்வியும் அவரிடமிருந்து வரவில்லை. அத்தனை வம்பு பேசிய வாய் அப்படியே மூடிக்கொண்டது.

படியிறங்கும்போது இரண்டாவது மாடித் திருப்பத்தில் எனக்குக் கால் நின்றுவிட்டது. "என்னோடதுதான்." பம்படியில் அந்த நைலக்ஸ் புடவைக்குப் பதில் சொன்ன அம்மாவின் குரல். சுவரைப் பிடித்துக்கொண்டேன். அந்தப் பூட்டிய வீட்டுக்குள் ஒரு செல்வி அக்கா இருக்கிறாள். வரன் பார்க்கிறதாகச் சொன்ன ஆள் தேடுவது பையனை அல்ல, அவனோடு வந்துவிட்ட பெண்ணை. அவளைக் கண்டுபிடித்துக் கொடுக்கத்தான் என்னை அனுப்பியிருக்கிறான்.

ஆனால் எனக்கு என் சந்தேகத்தின் மேலும் சந்தேகம். அன்று மாலை அந்த ஆளே போன் செய்தார். ஒரு கல் எறிந்து பார்த்தேன்.

"இன்னும் வீடு தெரியலைங்க. ஆனா விசாரிச்ச வரைக்கும் பையனோட அம்மா ரொம்ப மோசம்னு சொல்றாங்க. மூத்த மருமகளைப் படுத்தி எடுத்து, அந்தப் பொண்ணு கோவிச்சுக்கிட்டுப் பொறந்த வீட்டுக்கே போயிடுச்சாம்."

எந்தத் தாய்மாமனும் இந்த இடத்தில் குதித்திருப்பான். இவர், "அது கெடக்கட்டும்மா. எந்தக் கட்டிடம்னாவது தெரிஞ்சுதா?" என்றார்.

"தெரியலைங்க" என்று வைத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் சாரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "நம்ம வேலை தகவல் சொல்றதோட முடிஞ்சுதும்மா. அதுக்கப்புறம் அவங்க என்ன பண்ணினா நமக்கென்ன?" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் முதலாளி என்பதே மறந்துபோனது. "சார், உங்க பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்தப்போ என்னைத்தான் விசாரிக்க அனுப்பினீங்க. என்கிட்ட முதல்ல என்ன கேட்டீங்க?"

அவர் என் கண் முன்னாலேயே அந்த ஆளுக்குப் போன் செய்து, இந்த விசாரணையை எடுக்க முடியாது என்று சொன்னார். அந்தப் பக்கம் கத்தவில்லை. "பரவாயில்ல சார், ஊர்ல வேற ஆளா இல்ல?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்தாராம். அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது. ஒரு இஸ்திரி வண்டிக்காரரிடம் நான் தெரிந்துகொண்டதை இன்னொருவர் தெரிந்துகொள்ள எவ்வளவு நேரமாகும்? ஆட்டோ பிடித்து நேரே திருவான்மியூருக்குப் போனேன்.

எதிர் வீட்டுக் கதவில் பை இல்லை. நூருன்னிசா அம்மாள் என்னைப் பார்த்ததும் வாசலை மறித்துக்கொண்டு நின்றார்.

"இன்னாமா, மறுபடியும் பத்திரிகையா? உன் பத்திரிகைல இருக்கிற கல்யாணம் போன வருசமே முடிஞ்சிபோச்சே. புள்ளையே பொறந்திருக்கும்."

மானம் போயிற்று. இத்தனை வருஷத் தொழிலில் என்னைக் கையும் களவுமாகப் பிடித்தது அந்த ஒருவர்தான். யாரும் எதையும் பார்ப்பதில்லை, காலம் மாறிவிட்டது என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள், நானும் நம்பியிருந்தேன். எல்லாரும் ஒரே மாதிரி சொன்னால் சந்தேகப்படு என்று உங்களைப் போன்றவர்களுக்கு வகுப்பெடுத்தவள் நான். அதை மட்டும் சந்தேகப்படாமல் விட்டுவிட்டேன்.

"நான் பத்திரிகை குடுக்க வரலம்மா. விசாரிக்க வந்தவதான். ஆனா இப்போ வேற விஷயம் சொல்ல வந்திருக்கேன். எதிர் வீட்டுல இருக்கிறவங்களை..."

"யாரும் இல்லாத வூட்டைப் பத்தி என்னாண்ட இன்னாத்துக்கு சொல்றே?"

"உங்களுக்கு என் மேல நம்பிக்கை வராது. வரவும் வேண்டாம். கேட்டுக்கிட்டா மட்டும் போதும்."

அவர் என்னைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தார். நான் கல்யாண விசாரணைக்குப் போகிற வீடுகளில் மனிதர்களைப் பார்ப்பேனே, அதே பார்வை. பிறகு எதிர்க் கதவை ஒருமுறை பார்த்துவிட்டு, நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துக் கையில் சுற்றிக்கொண்டார்.

"எனக்குக் காது மந்தம் மா. அந்தக் கதவாண்ட நின்னுக்கினு சத்தமா சொல்லு."

கீழ் வீட்டுக் குக்கர் விசில் கேட்கிற காது! பூட்டிய கதவுக்கு நேராகப் போய் நின்றேன். உள்ளே எங்கோ குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது.

"தாய்மாமன்னு சொல்லிக்கிட்டு ஒருத்தர் தேடுறாரு" என்று கத்தினேன். "வெள்ளைச் சட்டை, வலது புருவத்துல தழும்பு. நான் எதையும் சொல்லல. ஆனா நான் கண்டுபிடிச்ச மாதிரி இன்னொருத்தங்க கண்டுபிடிச்சிடுவாங்க. இன்னைக்கே ஒரு வக்கீலைக் கூட்டிக்கிட்டுப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போயி பாதுகாப்பு கேட்டு எழுதிக் குடுங்க. தனியா போகாதீங்க."

உள்ளே குழாய் நின்றது.

"இப்ப கேட்டுச்சு" என்றார் நூருன்னிசா அம்மாள். "நீ கெளம்பு."

கொஞ்ச நாள் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பேப்பரைப் பிரிக்கவே பயமாக இருந்தது. கடைசியில் தாங்காமல் ஒரு ரவிக்கைத் துணியை வாங்கிக்கொண்டு போனேன். எதிர் வீட்டில் வேறு யாரோ குடிவந்திருந்தார்கள், வாசலில் குழந்தை சைக்கிள் நின்றது. நூருன்னிசா அம்மாள் என்னைப் பார்த்தார். இந்தத் தடவை வாசலை மறிக்கவில்லை.

"டேசன்ல எழுதிக் குடுத்துட்டாங்க. ரெண்டு பேரும் பத்திரமா கீறாங்க. எங்கன்னு கேக்காத."

"கேக்கல."

"அந்த ஆளு அந்தப் பொண்ணோட சொந்த மாமன்தான். அத்த மட்டும் அவன் பொய் சொல்லல."

துணியை நீட்டினேன். அளவெடுக்க நின்றேன். நாடாவைத் தோளில் வைத்துக்கொண்டே அவர் ஆரம்பித்தார். "உம் பேரு இன்னா? வூட்டுக்காரர் இன்னா பண்றாரு? எத்தினி பசங்க? உன் வூடு எங்க கீது?"

பிள்ளைகளே, விசாரணைக்குப் போன வீட்டில் நான் ஒருநாளும் உண்மைப் பெயர் சொன்னதில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். அன்றைக்கும் வாய் வழக்கம்போல ஒரு பெயரையும் ஊரையும் தயாராக வைத்திருந்தது.

என் பெயரைச் சொன்னேன். மேற்கு மாம்பலம் என்றேன்.

"மாம்பலத்துல எந்தத் தெரு?" என்றார், ஊசியை வாயில் கடித்துக்கொண்டே.

அதையும் சொன்னேன்.